களத்துக் கல்லின் கதை

கொங்கு நாட்டில் ‘தோட்டம்’ என்றால் பூச்செடி வைத்த இடம் என்று பொருளல்ல. கிணறும், கிணற்றை நம்பிய நிலமும், நடுவே ஒரு சாளையும் சேர்ந்ததே தோட்டம். அந்தச் சாளையின் முன்னே, வாசற்படிக்குச் சற்றுத் தாழ்ந்தும் நிலத்தைவிடச் சற்று உயர்ந்தும் பரந்து கிடக்கும் மேடைதான் களம். கம்பும் சோளமும் அடித்தது அங்கே. மிளகாயும் நிலக்கடலையும் உலர்ந்தது அங்கே. கோடை இரவில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தது அங்கே. கல்யாணப் பந்தி நடந்ததும் அங்கேதான். திருப்பூரிலிருந்து அவிநாசி, பல்லடம், காங்கயம், ஊத்துக்குளி என்று எந்தச் சாலையில் சென்றாலும் இத்தகைய களங்களைக் காணலாம். சென்ற இருபது, முப்பது ஆண்டுகளில் இவற்றுள் பல தம் உருவத்தை மாற்றிக்கொண்டுவிட்டன. பழைய கருங்கற் பலகைகளைக் கடப்பாரையால் பெயர்த்து வேலியோரம் சாத்திவிட்டு, அச்சில் வார்த்த சிமெண்ட் கற்களைப் பதிக்கிறார்கள்.

பழைய கல்லைப் பெயர்க்குமுன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. அந்தக் கல் அங்கே எப்படி வந்தது? ஏன் அவ்விதம் பதிக்கப்பட்டது? இத்தனை ஆண்டு அசையாதிருந்த தளம் இப்போது ஏன் ஆட்டம் கண்டது? புதுத்தளத்துக்கு எவ்வளவு ரூபாய் ஆகும் என்பதைக் கொத்தனார் சொல்லிவிடுவார். இக்கேள்விகளுக்கு அவரிடம் விடை இருப்பதில்லை. எஞ்சினியரிடமும் பெரும்பாலும் இருப்பதில்லை.

களத்தின் ஆதி உருவம் மண். செம்மண்ணைக் கொத்தி, நீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, மேலே சாணி மெழுகிவிட்டால் களம் ஆயிற்று. இடிப்பதன் நோக்கம் மண்துகள்களுக்கு இடையேயுள்ள காற்றை வெளியேற்றுவது. நீர் அளவோடு இருந்தால் துகள்கள் வழுக்கி நெருங்கும். மிகுந்தால் அந்த இடத்தை நீரே அடைத்துக்கொள்ளும். குறைந்தால் உராய்வு தடுக்கும். சாலை போடுவோர் இன்று ஆய்வகத்தில் அளந்து பார்க்கும் ‘தகுந்த ஈர அளவு’ என்பதை அக்காலத்தார் கைப்பிடி மண்ணைப் பிசைந்து பார்த்தே கண்டனர். ஆனால் மண் களத்துக்கு ஆயுள் ஓர் அறுவடைதான். மழை வந்து போனால் மறுபடியும் இடிக்கவேண்டும், மெழுகவேண்டும். அந்த உழைப்பில் பெரும்பகுதி பெண்களுடையது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கல்லைப் பலகையாக எடுக்கும் வித்தை இப்பகுதிக்குப் புதிதன்று. நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் 1985ஆம் ஆண்டு முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு நடத்தியது. சங்க நூலான பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுவே என்பர். இரும்பு உருக்கிய உலைகளும் மணிகள் செய்த தடயங்களும் கிடைத்த அந்த ஊரில், இறந்தோரைப் புதைத்த கல்லறைகள் பல உள்ளன. நான்கு புறமும் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பெரும் பலகையை மூடி, ஒரு பக்கப் பலகையில் வட்டமான துளையும் இட்டிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆள் உயரப் பலகைகளைப் பாறையிலிருந்து பிரித்தெடுக்க இவர்கள் அறிந்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இன்றும் திருமுருகன்பூண்டியில் உளிச் சத்தம் ஓயவில்லை. அங்குள்ள சிற்பிகள் ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லை விரும்பி வாங்குகிறார்கள்.

நெருப்பும் நீரும் பிளந்த பாறை

வெடிமருந்தும் எந்திர வாளும் இல்லாமல் பாறையைப் பலகையாக எப்படிப் பிளந்தார்கள்? இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பிளக்கவேண்டிய கோட்டில் வரிசையாகச் சிறு குழிகள் அடித்து, ஆப்புகளை இறுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சம்மட்டியால் தட்டிக்கொண்டு போவது. மற்றது நெருப்பு.

நெருப்பு முறையைப் பற்றிய ஓர் அழகிய குறிப்பு, நாம் எதிர்பாராத ஓர் இடத்தில் கிடைக்கிறது. வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல் 1830இல், இயற்கை விஞ்ஞானத்தைப் பயில்வோருக்கு முன்னுரையாக ஒரு நூல் எழுதினார். அறிவியல் முறை என்றால் என்ன என்று விளக்கும் அந்நூலில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கற்சுரங்கம் ஒன்றை வருணிக்கிறார். பாறையின் மேல் வேண்டிய திசையில் கோடு கிழித்து, அதில் இரண்டு அங்குல ஆழத்துக்கு உளியால் பள்ளம் வெட்டுவார்கள். பள்ளத்தின் மேல் நீளவாக்கில் ஒடுங்கிய தீ மூட்டுவார்கள். பாறை நன்கு சூடேறியதும் ஆணும் பெண்ணுமாக வரிசையில் நிற்போர் சாம்பலைச் சடக்கென்று தள்ளிவிட்டு, ஆளுக்கொரு பானைத் தண்ணீரைப் பள்ளத்தில் ஊற்றுவார்கள். உடனே பாறை துல்லியமாகப் பிளந்துவிடும். ஆறடிச் சதுரமும் எண்பது அடிக்கு மேற்பட்ட நீளமும் உள்ள கற்களை இப்படி எடுத்தார்கள் என்கிறார் ஹெர்ஷல்.

இது மாயமல்ல என்பதைக் கல்லூரி முதலாண்டு மாணவரே கணக்கிட்டுக் காட்டலாம். கருங்கல்லின் நீள் விரிவுக் குணகம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ பத்து லட்சத்தில் 8 பங்கு. பள்ளத்தை ஒட்டிய கல் திடீரென்று வெறும் 30 டிகிரி குளிர்ந்தால், அது பத்து லட்சத்தில் 240 பங்கு சுருங்க முயலும். சுற்றியுள்ள சூடான கல் அதைச் சுருங்கவிடாது. கருங்கல்லின் யங் குணகம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 5 லட்சம் கிலோகிராம் எடை என்று கொண்டால், அங்கே எழும் இழுவிசை சதுர சென்டிமீட்டருக்கு 120 கிலோகிராம். கருங்கல் தாங்கக்கூடிய இழுவிசையோ 100 கிலோகிராம் அளவில்தான் இருக்கும். அமுக்கினால் இதைப்போல் பத்து, பதினைந்து மடங்கு தாங்கும் கல், இழுத்தால் சட்டென்று விட்டுக்கொடுத்துவிடுகிறது. விரிசல் பள்ளத்தின் அடியில் தொடங்கி நேர்க்கீழாக ஓடுகிறது.

பலகைக்கு வேண்டியது நிலைக்குத்தான பிளவு மட்டுமல்ல. கிடைமட்டப் பிளவும் வேண்டும். 1895இல் ‘நேச்சர்’ இதழில் வார்த் என்பவர் பெங்களூர்ப் பக்கத்தில் தாம் கண்டதை எழுதினார். சிறு விறகுத் தீயைப் பாறைமேல் மூட்டி, அதை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போவார்கள். மேலடுக்கு விரிந்து, அடிப்பாறையை விட்டு விலகிக்கொள்ளும். சுத்தியலால் தட்டிப் பார்த்து, ஒலி மாறும் இடத்தைக் கொண்டு பிளவு எதுவரை வந்திருக்கிறது என்று அறிந்து தீயை நகர்த்துவார்கள். இப்படிச் சில அங்குலக் கனத்தில், பல பத்து அடி பரப்புள்ள கல் ஏடு ஒன்று முழுதாகக் கழன்று வரும். பிறகு அதை ஆப்பு வைத்து வேண்டிய அளவில் துண்டாக்கிக்கொள்ளலாம். இதைச் செய்தவர்களுக்குக் குணகம் என்ற சொல் தெரியாது, காது தெரியும். வார்த்தின் கட்டுரையை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம், ‘இதைக் கண்டுபிடித்தவர் பெயர் என்ன?’ என்று யாராவது ஒரு மாணவர் கேட்பார். அவர்கள் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

படுக்கையும் வாட்டமும்

கல் கிடைத்தால் மட்டும் களம் ஆகிவிடாது. பதிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கலிலியோ 1638இல் வெளியிட்ட ‘இரு புதிய அறிவியல்கள்’ என்ற நூலின் தொடக்கத்தில் ஒரு பளிங்குத் தூணின் கதை வருகிறது. நீண்ட தூண் ஒன்றை இரு முனைகளிலும் கட்டை கொடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். நடுவில் ஒடிந்துவிடுமோ என்று அஞ்சிய ஒருவர் நடுவிலும் ஒரு கட்டை கொடுத்தார். எல்லோரும் மெச்சினார்கள். சில மாதங்கள் சென்றபின் தூண் ஒடிந்தது, அந்த நடுக்கட்டைக்கு நேர் மேலே! முனைக் கட்டைகளில் ஒன்று உளுத்துத் தாழ்ந்துபோக, நடுக்கட்டை மட்டும் உறுதியாக நின்றுவிட்டது. தூணின் பாதி அந்தரத்தில் தொங்கியது. அதன் எடையே அதை ஒடித்தது.

இன்று அவசரத்தில் தளம் போடுவோர் பலகையின் நான்கு மூலையிலும் நடுவிலும் கை கையாகக் கலவை வைத்து, மேலே கல்லை வைத்துத் தட்டிவிட்டுப் போகிறார்கள். கலிலியோவின் தூணுக்கு நேர்ந்ததே அந்தக் கல்லுக்கும் நேர்கிறது. மழைநீர் கலவையின் ஒரு பக்கத்து மண்ணைக் கரைத்தவுடன் கல் தூக்குக்கட்டை போல் ஆகிவிடும். மேலே ஆள் நடந்தால் தாங்கும்; லாரிச் சக்கரம் ஏறினால் தாங்காது. பட்டையான கல் தாங்கும் சுமை அதன் கனத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதும் கலிலியோ சொன்னதே. நான்கு அங்குலப் பழங்கல்லுக்குப் பதில் இரண்டு அங்குலப் புதுக்கல் போட்டால் வலிமை பாதியல்ல, கால்பங்கு. பழைய களங்களில் கல்லின் அடிப்பக்கம் கரடாக இருப்பதையும், அதன் மேடுபள்ளங்களை ஒட்டி மணலும் சரளையும் இடைவெளியின்றித் திணித்திருப்பதையும் காணலாம். கல்லின் அடி முழுவதும் நிலத்தில் படியவேண்டும் என்பதே கருத்து.

அடுத்தது நீர். திறந்த வெளித் தளம் எந்த ஊரிலும் தண்ணீரால்தான் கெடுகிறது. கிறிஸ்து பிறப்பதற்குச் சில பத்தாண்டுகள் முன்பு ரோமில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், திறந்த வெளியில் தளம் போடும் முறையைத் தம் ஏழாம் புத்தகத்தில் விரிவாகக் கூறுகிறார். உடைகல்லும் சுண்ணாம்பும் கலந்து இடித்த அடித்தளம், அதன்மேல் செங்கல் தூள் கலந்த சாந்து, அதன்மேல் ஓடு. சரிவு எவ்வளவு? பத்தடிக்கு இரண்டு விரல். ரோமானிய அடிக்குப் பதினாறு விரல் என்பதால், இது எண்பதுக்கு ஒன்று என்ற சரிவு. நம் கொத்தனார் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் ‘வாட்டம்’ விடுகிறாரே, அதையும் கணக்கிட்டுப் பாருங்கள்: 120 அங்குலத்துக்கு ஒன்றரை, எண்பதுக்கு ஒன்று! விட்ருவியஸை அவர் படித்ததில்லை. நீர் வழிந்தோட வேண்டும், ஆனால் தானியம் உருளக்கூடாது, கட்டில் சாயக்கூடாது. இந்த மூன்றுக்கும் இசைந்த சரிவு எங்கும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

சுண்ணாம்பும் சிமெண்டும்

இணைப்புகளில் பூசச் சுண்ணாம்பு பயன்பட்டது. கொங்கு மண்ணில் ஓரிரு அடி தோண்டினாலே வெண்மையான சுக்கான்கல் கிடைக்கும். அதைச் சூளையில் 900 டிகிரி அளவில் சுட்டால் கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு ஆகும். நீர் ஊற்றினால் பூக்கும். மணலோடு அரைத்துப் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்பப் பெற்று மீண்டும் கல்லாகும். மெதுவாகத்தான் இறுகும். ஆனால் சிறிது நெகிழும் இயல்பும் உண்டு. கல் பகலில் விரிந்து இரவில் சுருங்கும்போது சுண்ணாம்பு அதற்கு ஈடுகொடுக்கும்.

சிமெண்ட் வந்ததும் இந்தப் பொறுமை போய்விட்டது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கட்டட வேலைக்காரர் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் ‘போர்ட்லண்ட் சிமெண்ட்’ என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் முதல் முயற்சி 1904இல் சென்னையில் நடந்து நிலைக்காமற் போயிற்று. 1914இல் போர்பந்தரில் தொடங்கியது நிலைத்தது. கோவைக்கு அருகே மதுக்கரையில் 1930களில் சிமெண்ட் ஆலை எழுந்தது. அதே பத்தாண்டின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரமும் கோவை வட்டாரத்துக்கு வந்தது. கவலை ஏற்றம் நின்று மின்சார மோட்டார் ஓடியது, பணப்பயிர் பெருகியது, களத்துக்குச் சிமெண்ட் பூச வசதியும் வந்தது. ‘சிமெண்டுக் களம்’ என்பது ஒரு காலத்தில் பெருமைக்குரிய சொல்.

காங்கயத்தில் இப்பெருமை ஒரு தொழிலாகவே வளர்ந்தது. பல ஏக்கர் பரப்பில் அங்கே தேங்காய்ப் பருப்பை உலர்த்தும் களங்கள் உள்ளன. பாதிக்குப் பாதி நீராக இருக்கும் தேங்காய்ப் பருப்பை ஆறு சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு அடித்தரை சூடாக இருப்பதே நல்லது. வீட்டு முன் களத்துக்கு நாம் வேண்டுவதோ இதற்கு நேர் எதிரானது. எந்தத் தளம் நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எதற்கு என்று கேட்கவேண்டும்.

ஆனால் ஒரே விரிப்பாகப் போட்ட சிமெண்டுத் தளத்துக்கு ஒரு குறை உண்டு. பத்து மீட்டர் நீளத் தளம், இரவுக்கும் நண்பகலுக்கும் இடையே 30 டிகிரி சூடேறினால் மூன்று மில்லிமீட்டர் நீளும். உலரும்போது சுருங்குவது இதைப்போல் ஒன்று அல்லது இரண்டு மடங்கு. இணைப்பு விடாத தளம் தானாகவே இணைப்பை உண்டாக்கிக்கொள்கிறது. அதை நாம் வெடிப்பு என்கிறோம். மூன்றடிக் கருங்கல் பலகையோ அதே வெப்ப மாற்றத்தில் கால் மில்லிமீட்டர்கூட நீளாது. பழைய களத்தின் நூற்றுக்கணக்கான இணைப்புகள் அந்தச் சிறு அசைவைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன.

இடையே கடப்பைக் கல்லின் காலமும் ஒன்று வந்தது. ரெயிலும் லாரியும் அதை ஆந்திரத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்தன. இயற்கையிலேயே ஏடு ஏடாகப் படிந்த சுண்ணாம்புப் பாறை அது. பிளப்பது எளிது, விலையும் மலிவு. சமையலறை மேடைக்குப் பொருத்தமானது. வெயிற்படும் களத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. கறுப்பு நிறம் வெயிலை விழுங்கும்; புளியோ எலுமிச்சையோ பட்டால்கூடப் பளபளப்புப் போய்விடும்.

களத்துக்கு வந்த பனியன்

திருப்பூரில் பனியன் நெய்யத் தொடங்கியது 1920களில். 1970களின் இறுதியில் வெளிநாட்டு வாங்குவோர் வந்தனர். 1980களில் ஏற்றுமதி பெருகியது. நகரம் தோட்டங்களை விழுங்கியது. சாளைகள் பனியன் கம்பெனிகளாயின. மாட்டுத் தொழுவத்தில் தையல் எந்திரம் வந்தது. களத்தில் நூல் மூட்டை இறக்கும் லாரி வந்து நின்றது. வெளுத்த துணியை வெட்டவெளியில் விரித்து உலர்த்தும் வழக்கமும் நெடுநாள் இருந்தது.

லாரியின் சுமையைவிடக் களத்துக்கு நேர்ந்த பெரிய மாற்றம் கண்ணுக்குப் புலப்படாதது. அது நிலத்தடியில் நடந்தது.

பருத்தி இழை நீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் தோன்றுகிறது. சாயத்தின் மூலக்கூறும் நீரில் எதிர் மின்னூட்டம் கொண்டது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குமாதலால் சாயம் துணியை அண்டாது. இதற்கு மருந்து உப்பு. தொட்டியில் உப்பைக் கரைத்தால் அதன் நேர் அயனிகள் இழையைச் சூழ்ந்து விலக்கு விசையை மறைக்கின்றன. சாயம் நெருங்கிப் பிணைகிறது. லிட்டருக்கு 30 கிராம் முதல் 80 கிராம் வரை உப்பு வேண்டும். சாதாரணச் சமையல் உப்பும் பயன்படும். சோடியம் சல்பேட்டும் பயன்படும். பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மானிய வேதியியலார் கிளாபரின் பெயரால் இது கிளாபர் உப்பு எனப்படும். துணி இந்த உப்பில் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. போட்ட உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். நொய்யல் அதைச் சுமந்தது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாகி, உழவருக்கே பகையாயிற்று. கிணறுகள் உவர்த்தன.

இனி இயற்பியலுக்கு வருவோம். சோடியம் சல்பேட்டுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. 32.4 டிகிரி செல்சியசுக்கு மேல் அது நீரற்ற படிகமாக இருக்கும். அதற்குக் கீழே ஈரம் கிடைத்தால் ஒவ்வொரு மூலக்கூறும் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு வேறு படிகமாகிவிடும். அப்போது அதன் கன அளவு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. திருப்பூரில் வெயிற்காலத் தரை நண்பகலில் 32 டிகிரியைத் தாண்டுவதும், விடியற்காலையில் அதற்குக் கீழே இறங்குவதும் அன்றாட நிகழ்ச்சி. உவர்நீர் மண்ணின் நுண்புழைகள் வழியே மேலேறித் தளத்தின் துளைகளுக்குள் புகுந்து காய்ந்தால், அங்கே படியும் உப்பு நாள்தோறும் விரிந்து சுருங்கும். உள்ளேயிருந்து ஆப்பு அடிப்பதற்கு இது சமம். கற்சுரங்கத்தில் நெருப்பும் நீரும் செய்த வேலையை இங்கே உப்பு ஓசையின்றிச் செய்கிறது.

இது யாரும் அறியாத புது உண்மையுமல்ல. 1828இலேயே பிரான்சில் பிரார் என்பவரின் முறைப்படி, கட்டடக் கல்லைச் சோடியம் சல்பேட் கரைசலில் ஊறவைத்து உலர்த்தி, எவ்வளவு உதிர்கிறது என்று பார்த்துக் கல்லின் தரத்தை மதிப்பிட்டனர். இன்றைய இந்தியத் தர நிர்ணயங்களிலும் கல், ஜல்லி ஆகியவற்றின் உறுதியைச் சோதிக்க இதே உப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். கல்லை வதைத்துப் பார்க்க ஆய்வகத்தார் தேர்ந்தெடுத்த உப்பு, ஒரு நதிக்கரை முழுவதும் மண்ணில் கலந்தது!

எல்லாத் தளமும் இதனால் ஒரேயளவு கெடுவதில்லை. கருங்கல்லில் துளைகள் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உப்புக்கு அங்கே இடமில்லை. சிமெண்ட் காரையிலும் கான்கிரீட்டிலும் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு துளைகள் இருக்கலாம். போதாக்குறைக்கு, சல்பேட் சிமெண்டிலுள்ள அலுமினியச் சேர்மங்களோடு வினைபுரிந்து மேலும் வீங்கும். பல பழைய களங்களில் கல் அப்படியே இருக்க, இடையில் பூசிய காரை மட்டும் பொரிந்து மாவாக உதிர்வதற்கு இது ஒரு காரணம். இப்பகுதி மண்ணும் நீரும் இயற்கையிலேயே ஓரளவு உவர்ப்பானவை. ஆதலால் எல்லாப் பழியையும் சாயப்பட்டறை மேல் போடுவதும் நியாயமாகாது. இணைப்பு உதிர்ந்தால் மழைநீர் கீழிறங்கும், படுக்கை மண் அரிக்கும், கல் ஆடும். வீட்டுக்காரர் ‘கல் பழசாகிவிட்டது’ என்கிறார். பழசானது கல்லல்ல.

உப்பைத் தடுக்கும் போராட்டம் நீதிமன்றத்தில் நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பல்லாயிரம் பேர் வேலையிழந்த மாதங்கள் அவை. அதன்பின், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்ற விதியின்கீழ், சவ்வுகள் வழியே நீரைப் பிரித்தும், எஞ்சியதை ஆவியாக்கியும், நீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறை வேரூன்றியது. ஆயினும் பல ஆண்டுகளாக மண்ணில் இறங்கிய உப்பு ஒரு தீர்ப்பால் மறைந்துவிடாது.

அச்சில் வார்த்த கல்

இப்போது பதிக்கப்படும் ‘பேவர் பிளாக்’ கல்லின் பூர்வீகம் நெதர்லாந்து. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அங்கே தெருவுக்குப் போடும் செங்கல் தட்டுப்பாடானது; அதே அளவில் கான்கிரீட்டில் கற்களை வார்த்தார்கள். பிறகு ஜெர்மனியில், ஒன்றோடொன்று பல்லிடுக்கில் பொருந்தும் வடிவங்கள் வந்தன. இந்தியாவில் இதற்கான தர நிர்ணயம் 2006இல் வெளியானது. ஆள் மட்டும் நடக்கும் இடத்துக்கு 50 மில்லிமீட்டர்க் கனம், கார் நிற்கும் இடத்துக்கு 60, அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இன்னும் மிகுந்த கனம் என்று அது வகுத்தது. பனியன் கம்பெனி வாசலில் 50 மில்லிமீட்டர்க் கல்லைப் பதித்துவிட்டு லாரியை ஏற்றுவோர், கலிலியோவின் இருமடி விதியைத் தம் செலவில் சரிபார்க்கிறார்கள்.

இந்தக் கல்லைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. மணற்படுக்கையில் மீன்முள் போல் சாய்த்து அடுக்கிய சிறு கற்கள், இணைப்பிலுள்ள மணலின் உராய்வால் சுமையை அண்டைக் கற்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. எந்தக் கல் உடைந்தாலும் அதை மட்டும் மாற்றலாம். பழைய கருங்கல் களத்தின் தத்துவம்தான் இது. அளவு மட்டும் சிறியது. தவறு நேர்வது, இணைப்பில் மணலுக்குப் பதில் சிமெண்டைக் கரைத்து ஊற்றும்போது. அப்போது இது மறுபடியும் ஒரே விரிப்பாகிவிடுகிறது. நீரும் இறங்காது. ஆயிரம் சதுர அடிக் களத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவே மழை காணும் இந்த ஊரில், அந்தக் களம் ஒன்றே ஆண்டுக்கு 55,000 லிட்டருக்கு மேல் பெறுகிறது. அதைச் சாக்கடைக்கு அனுப்புவதா, கிணற்றுக்கு அனுப்புவதா என்பதை அந்த இணைப்புகள் தீர்மானிக்கின்றன. உவர்த்த நிலத்தடி நீரை நீர்க்கச் செய்ய மழைநீரை விட்டால் வேறு வழியும் இல்லை.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். வெறுங்காலோடு கோயில் பிராகாரத்தைச் சுற்றியவர்களுக்கு, ஒரே வெயிலில் கிடந்தாலும் கல் சுடுவதுபோல் மண் சுடுவதில்லை என்பது தெரியும். பாதத்துக்குள் வெப்பம் பாயும் வேகம், பொருளின் வெப்பங்கடத்தும் திறன், அடர்த்தி, வெப்ப எண் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனுடைய வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உலர்ந்த மண்ணுக்கு இது ஒன்று என்றால், கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ இரண்டு, கருங்கல்லுக்கு இரண்டரை. ஆகவே பகலில் கருங்கல் அதிகம் சுடும். இரவிலும் உடனே ஆறாது. ஒரு நாளின் வெப்ப அலை கருங்கல்லில் ஒரு சாண் ஆழம் வரை இறங்கும். பெரியவர்கள் மாலையில் களத்துக்குத் தண்ணீர் தெளித்தது அழகுக்காக அன்று. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கல்லிடமிருந்து பறித்துச் செல்லும். ஓரத்தில் ஒரு வேப்பமரம் நின்றால் தண்ணீரும் மிச்சம்.

களத்தைப் புதுப்பிக்க விரும்புவோர் பழங்கல்லையே மறுபடியும் பதிக்கலாம் என்பது என் கருத்து. பழைய படுக்கையைத் தோண்டி எடுத்துவிட்டு, அடியில் நாலு அங்குலம் முக்கால் அங்குல ஜல்லி பரப்பவேண்டும். களிமண்ணின் நுண்புழை நூறில் ஒரு மில்லிமீட்டர் ஆரமுடையதாயின் நீர் அதில் ஒன்றரை மீட்டர் உயரம் ஏறும். ஜல்லிகளுக்கு இடையேயுள்ள அகன்ற இடைவெளியில் ஒரு சென்டிமீட்டர்கூட ஏறாது. உப்பு அங்கேயே நின்றுவிடும். அதன்மேல் பருமணல், அதன்மேல் கல், எண்பதுக்கு ஒன்று வாட்டம். கல்லை அளவுக்கு வெட்டும்போது எந்திர வாளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டச் சொல்லுங்கள். கருங்கல் தூசியிலுள்ள குவார்ட்ஸ் துகள், வெட்டுபவரின் நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். கைக்குட்டையை முகத்தில் கட்டுவது அதற்குத் தடையாகாது.

மேற்பக்கம் தேய்ந்து வழுக்கும் கல்லைப் புரட்டியும் பதிக்கலாம். கரடான அடிப்பக்கத்தைக் கொத்திச் சமன் செய்ய ஒருவருக்கு ஒரு நாளில் சில கற்களே ஆகும்; கூலி கூடும். அப்படிப் புரட்டிய கற்களின் விளிம்பில், சில அங்குலத்துக்கு ஒன்றாக, ஆப்பு இறக்கிய குழிகளின் பாதி வடிவம் வரிசையாகத் தெரியும். மற்றப் பாதி, அந்தக் கல்லோடு ஒட்டிப் பிறந்த பக்கத்துக் கல்லில் இருக்கும்.